கடையில் மிஞ்சியது இனி வீட்டுக்கு வராது

ராசிபுரம்,
ஈசுவர வருஷம், ஆவணி மாதம் 11-ந் தேதி.

வாழப்பாடியில் இருக்கும் மகாகனம் பொருந்திய மாமா தீர்த்தகிரி அவர்கள் சமுகத்துக்கு, மருமகன் அர்த்தநாரி தலைகுனிந்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தராசும் கடைப் பூனையும் சுகம். அவ்விடம் தாங்களும், அத்தையும், தங்கள் மகளும் என் மனைவியுமான தெய்வநாயகியும், குழந்தை ராசாத்தியும், தொழுவத்தில் இருப்பவைகளும் குறைவில்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தாங்கள் போட்ட கார்டு கிடைத்தது. அதைக் கவரில் போட்டிருக்கலாம் மாமா. கார்டு என்றால் எங்கள் தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். இந்தக் கார்டைக் கடை வாசலில் நின்றபடி நாலு பேர் காது கேட்கப் படித்தார். அதாவது ராசாத்தி அங்கே வந்த மறுநாள் தாங்கள் தோட்டத்து வாழைப்பழம் ஒன்றை உரித்துக் கொடுக்கப் போக, குழந்தை அந்த மஞ்சள் நிறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது என்ன பழம்?" என்று கேட்டதாகவும், வாழைப்பழம் என்று சொன்னதும், "பொய் சொல்றீங்க, வாழப்பழம் கறுப்பாத்தானே இருக்கும்?" என்று சொன்னதாகவும், அன்று முழுவதும் தங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மளிகைக் கடைக்காரனுக்குப் பெண்ணைக் கொடுத்தால் வயிற்றுக்குக் குறைவிருக்காது என்று நம்பினேனே என்றும், கடையை ஒழுங்கு பண்ணாமல் வாழப்பாடிப் பக்கம் தலைகாட்ட வேண்டாம் என்றும் எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். நான் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் இருந்தால் தபால்காரர் மேல்தான்.

ஆனால் கடை இப்போது ஒழுங்காகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நடந்ததை நடந்தபடி எழுதினால்தான் தங்களுக்கு என் முயற்சியின் அருமை தெரியும் என்பதால் ஆதியிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் அப்பா காலத்திலிருந்தே கடையில் ஒரு வழக்கம். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இனி இது விலைபோகாது என்று தெரிகிற சாமானை எல்லாம் ஒரு கூடையில் பொறுக்கிப்போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது. சொத்தைக் கத்தரிக்காய், வண்டு விழுந்த பருப்பு, காறின தேங்காய், எறும்பு மொய்த்த வெல்லம், காம்பு உதிர்ந்த வாழைப்பழம். குப்பையில் கொட்ட மனசு வருமா மாமா? கடைக்காரன் வீட்டில் எதுவும் வீணாகாது என்று நான் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் அப்படித்தான் கூடையைக் கொண்டுபோய் வைத்தேன். தெய்வநாயகி அதை எட்டிக்கூடப் பார்க்காமல் டிரங்குப் பெட்டியை எடுத்தாள். "ஏனுங்க, நான் இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு ஒம்போது வருசமாச்சு. ஒரு நாளாவது நல்ல பழம் ஒண்ணு இந்த வாசப்படியைத் தாண்டி உள்ள வந்திருக்குதுங்களா? தெனமும் கூடையை வெச்சுட்டு ஒரே பேச்சு: 'இன்னைக்கே சாப்பிட்டுருங்க, நாளைக்குத் தாங்காது.' நாளைக்குத் தாங்கற சாமானை ஊரெல்லாம் திங்குது. நானும் என்ற புள்ளையும் என்ன குப்பைக்குழியா? என்னைக்கு அந்தப் பேச்சு உங்க வாயில வராம நிக்குதோ, அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க, வாரேன்" என்றாள். சொன்னவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நான் அப்படி ஒரு பேச்சு தினமும் பேசினதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு தரம் இரண்டு தரம் வாய்தவறி வந்திருக்கலாம்.

மறுநாளே சேலத்திலிருந்து பிஸ்கோத்து ஏஜெண்டு ஒருவர் வந்தார். கோட்டுப் போட்டவர், நாலு ஊர் கடைகளைப் பார்த்தவர். என் முகத்தைப் பார்த்து விசாரித்தார், சொன்னேன். அவர் கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாமான் கெடுவதற்குக் காரணம் சாமான் இல்லை, நீர் வைத்திருக்கிற லட்சணம். கோணிச் சாக்கில் வாயைப் பிரித்து வைத்தால் ஊர்க் கையெல்லாம் அதற்குள்ளேதான். கண்ணாடியில் வைத்துக் காட்டும், காகிதத்தில் பொட்டலம் கட்டும், பழையதை முன்னாலே தள்ளும்" என்று சொல்லி, என் காப்பியைக் குடித்துவிட்டு, எனக்கு வேண்டாத பிஸ்கோத்து இரண்டு டின் கொடுத்துவிட்டுப் போனார். மனுஷர் எப்படிப்பட்டவராயிருந்தாலும் சொன்னது தங்கமான பேச்சு.

முதலில் கண்ணாடி. பெரிய பெரிய சீசாவாக எட்டு வாங்கி, கடை முகப்பிலே வரிசையாக வைத்து, உருண்டை வெல்லத்தை இரண்டு சீசா நிறைய அடுக்கினேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு உடம்பு பூரித்துப்போயிற்று. என் கடை மேற்கே பார்த்த கடை என்பதை ஏஜெண்டும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று சாயங்கால வெயில்தான் மாமா. உருண்டை எல்லாம் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கறுத்து, கூழாகி, மூடியோடு மூடியாக இறுகிவிட்டது. மாட்டுவண்டிக்காரர் ஒருவர் அதைப் பார்த்து, "வண்டி மை என்ன வெலைங்க? அச்சு கத்துது, போடோணும்" என்று கேட்டார். அந்த இரண்டு சீசாவை இன்றைக்கு வரைக்கும் திறக்க முடியவில்லை. ஆனால் ஒரு பாடம் கிடைத்தது பாருங்க: காட்டி வைக்கலாம், ஆனால் வெயிலுக்குக் காட்டக் கூடாது. இப்போது முகப்புக்குத் தென்னந்தட்டி கட்டியாயிற்று. மிச்ச சீசாவெல்லாம் நிழலில் ஜம்மென்று இருக்கின்றன.

அடுத்தது பொட்டலம். நாலு நாள் உட்கார்ந்து பழைய பத்திரிகைக் காகிதத்தை வெட்டி, பசை தடவி, துவரம்பருப்பு, உளுந்து, பொட்டுக்கடலை என்று ஆழாக்குக்கு ஒன்று, அரைப்படிக்கு ஒன்றாக நூற்று நாற்பது பொட்டலம் கட்டினேன். பெருமாயி என்று ஒரு அம்மாள், காட்டு வேலை முடிந்து போகிறபோது தினமும் ஆழாக்குப் பருப்பு வாங்குகிறவள், அன்றைக்கும் வந்தாள். நான் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்தேன். அவள் அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"ஏனுங் சாமி, உள்ளார என்னங்க இருக்குது?"

"பருப்புதான்."

"பருப்பை எதுக்குங்க மூடி வெக்கோணும்? சொத்தையைத்தானுங்களே மூடுவாங்க?"

"அதெல்லாம் இல்லை. ஊர்க் கை படாமல் சுத்தமாக இருக்கட்டும் என்றுதான்."

"என்ற கை என்ன ஊர்க் கைங்களா?" என்று சொல்லிக்கொண்டே பொட்டலத்தின் வயிற்றில் விரலை விட்டாள். நாலு பருப்பை எடுத்து வாயில் போட்டு நறுக்கென்று கடித்தாள். முகம் தெளிந்தது. "நல்ல பருப்புத்தானுங்க" என்றாள். சரி, விஷயம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டால், ஓட்டைப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "வேற ஒண்ணு குடுங்க, இதுல ஓட்டை இருக்குது" என்றாள்.

ஊரே பெருமாயிதான் மாமா. நம் பக்கத்தில் யார்தான் வாயில் போட்டுக் கடிக்காமல் பருப்பு வாங்குவார்கள்? தாங்களே வாங்க மாட்டீர்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் எழுபது பொட்டலத்துக்கு வயிற்றில் ஓட்டை. பருப்பெல்லாம் தரையில். எனக்கோ பூனையின் உதவிகூட இல்லை, அதற்குப் பருப்பு பிடிக்காது. அப்புறம் யோசித்து, ஒவ்வொரு பொட்டல வரிசைக்கும் முன்னால் ஒரு சின்னத் தட்டில் அதே சாமானைக் கொஞ்சம் திறந்து வைத்தேன், கடித்துப் பார்க்க. முதல் இரண்டு நாள் பொட்டுக்கடலைத் தட்டைச் சிலர் காலை ஆகாரமாகவே வைத்துக்கொண்டார்கள். பெருமாயிதான் அவர்களைப் பார்த்து, "கடிச்சுப் பாக்கறதுக்கு வெச்சா வகுறு ரொப்பறீங்களே, வெக்கமா இல்லீங்களா?" என்று சத்தம் போட்டு நிறுத்தினாள். அதிலிருந்து ஒரு பொட்டலத்தில்கூட விரல் படவில்லை. இப்போது அவள்தான் புதிதாக வருகிறவர்களுக்குத் தட்டைக் காட்டி விளக்குகிறாள்.

அடுத்தது தேதி. இது முழுக்க முழுக்க என் சொந்த மூளை. எது பழசு, எது புதுசு என்று தெரிந்தால்தானே பழையதை முன்னே தள்ள முடியும்? ஆகையால் சிவப்பு மையில், தூரத்திலிருந்து படிக்கிற மாதிரிப் பெரிய எழுத்தில், ஒவ்வொரு பொட்டலத்திலும் அது கட்டின தேதியை எழுதினேன். ஆடி 3, ஆடி 7, ஆடி 14 என்று கடையே பஞ்சாங்கம் மாதிரி ஆகிவிட்டது. இங்கே மேலத்தெருவில் முத்தாயம்மாள் என்று ஒரு பெரிய வீட்டுக்காரி, ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். வண்டியைப் பூட்டிக்கொண்டு, சாமான் பட்டியலோடு வந்தார்கள். என் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டு விசேஷத்துக்கெல்லாம் எங்கள் கடைச் சாமான்தான். நான் பழைய பொட்டலமாகப் பார்த்து முப்பது எடுத்து வைத்தேன். அந்த அம்மாள் ஒன்றைக் கையில் எடுத்து, படித்து, சூடுபட்டதுபோலக் கீழே வைத்தார்கள்.

"ஏனுங்க அர்த்தநாரி, என்ற மவ கல்யாணத்துக்கு ஆடிப் பருப்பா?"

"ஆடியில் விளைந்ததில்லீங்க. ஆடியில் காகிதத்தில் சுற்றினேன், அவ்வளவுதான்."

"ஆடியில நாங்க புதுச் சட்டிகூட அடுப்புல ஏத்த மாட்டோமுங்க. நீங்க ஆடின்னு செவப்பு மையில எழுதியே குடுக்கறீங்க. சம்பந்தி ஊட்டுக்காரங்க பாத்தா என்னங்க சொல்லுவாங்க?"

வண்டி திரும்பிவிட்டது மாமா. அதோடு போகவில்லை. அதுவரைக்கும் தேதியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, அன்றைக்குப் பிறகு எல்லாரும் கவலைப்பட்டார்கள். ஒருவர் வீட்டிலிருந்து பஞ்சாங்கத்தையே எடுத்துவந்து பொட்டலத்தோடு ஒத்துப் பார்த்து, இது அஷ்டமி, இது கரிநாள், இது சூலம் என்று பிரித்து அடுக்கிவிட்டுப் போனார். ஆடிப் பதினெட்டு அன்று கட்டினது பத்தொன்பது பொட்டலம். அவை மட்டும் ஒரே காலையில் பறந்துவிட்டன. "பதினெட்டாம் பெருக்குப் பருப்பு இன்னும் இருக்குதுங்களா?" என்று பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் கேட்டு வந்தார்கள். பழசு போகட்டும் என்று எழுதின தேதியால் புதுசு போய்ப் பழசு நின்றுவிட்டது. எல்லாவற்றிலும் பதினெட்டு என்று எழுதிவிடலாமா என்று ஒரு நிமிஷம் எனக்குப் புத்தி கெட்டது உண்மை. மையைக்கூடத் தொட்டுவிட்டேன். ஆனால் பெருமாயி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள், விட்டுவிட்டேன்.

நின்றுபோன ஆடிப் பொட்டலங்கள் என்ன ஆயின என்று தாங்கள் கேட்கலாம். கடையில் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்று சபதம் எடுத்தாயிற்று. அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றி வருகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கடையிலேயே ஓர் அடுப்பு வைத்து நானே சமைத்துச் சாப்பிட்டுவிடுகிறேன். இருபத்து மூன்று நாளாகத் துவரம்பருப்புதான். வண்டு வந்தவுடன் சலித்துக்கொள்கிறேன். தெய்வநாயகி எப்படி இதில் ருசி வரவழைத்தாள் என்பது மட்டும் பிடிபடவில்லை.

இவ்வளவும் பட்டபிறகு இப்போது கடை எப்படி இருக்கிறது தெரியுமா? தேதி என்பது எனக்குத் தெரிந்தால் போதும், ஊருக்கு எதற்கு? ஆகையால் தறிக்காரர்களிடம் மிச்சம் விழுகிற சாய நூலை வாங்கி, ஒரு வாரப் பொட்டலத்துக்குச் சிவப்பு நூல், அடுத்த வாரத்துக்குப் பச்சை, அதற்கடுத்து ஊதா என்று கட்டுகிறேன். நிறத்தைப் பார்த்ததும் எனக்கு வயசு தெரியும், வாங்குகிறவர்களுக்கு அழகு தெரியும். பொட்டலம் அடுக்குகிற பலகையின் பின்பக்கத்துக்கு அடியில் கட்டை கொடுத்து முன்பக்கம் சரிவாக வைத்திருக்கிறேன். புதுப் பொட்டலத்தைப் பின்னாலிருந்து விடுவேன், பழசு தானே முன்னால் வந்து நிற்கும். வாழைப்பழத்தைக் குவிப்பதில்லை, சீப்புச் சீப்பாகக் கயிற்றில் தொங்குகிறது. வெற்றிலைக்கு ஈரத்துணி. கத்தரிக்காயில் பாதிதான் வெளியே, மீதி உள்ளே நிழலில். போன வாரம் முழுவதும் கழிவு என்று விழுந்தது ஒரு தேங்காயும் மூன்று கத்தரிக்காயும். அந்தச் சாயங்காலக் கூடையில் இப்போது பூனை படுத்துத் தூங்குகிறது. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து அளவெடுத்துக்கொண்டு போகிறார்கள். இந்த ஜில்லாவில் இப்படி ஒரு கடை இல்லை என்று நான் சொல்லவில்லை, அவர்கள் சொல்கிறார்கள்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. கல்யாணமான முதல் வருஷமே தெய்வநாயகி கடைக்கு ஒரு தரம் சோறு கொண்டுவந்தவள், "குவிச்சு வெச்சா அடியில இருக்கறது புழுங்கிச் சாகுதுங்க, அளவா வெய்யுங்க, பழத்தைக் கட்டித் தொங்கவுடுங்க" என்று சொன்னாள். கடை விவகாரம் உனக்கென்ன தெரியும் என்றேன். எட்டு சீசாவும் நூற்று நாற்பது பொட்டலமும் செலவழித்து அவள் சொன்ன இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறேன். அதை நினைத்தால் என் காதை நானே திருகிக்கொள்ளத் தோன்றுகிறது. அவள் இல்லாத வீடு வீடாகவே இல்லை மாமா. சாயங்காலம் கதவைத் திறந்தால் ராசாத்தி ஓடிவந்து என் கையில் என்ன என்று பார்ப்பாள். இப்போது யாரும் பார்ப்பதில்லை. வெறும் கையை வீசிக்கொண்டு உள்ளே போவதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஆகையால் வார்த்தையாகச் சொன்னால் போதாது, கண்ணுக்கு அத்தாட்சி வேண்டும் என்று, இத்துடன் பஸ் கண்டக்டர் செங்கோடன் வசம் ஒரு கூடை அனுப்புகிறேன். சேலத்தில் வாழப்பாடி பஸ்ஸில் மாற்றிவிடுவான், மத்தியானத்துக்குள் தங்கள் கைக்கு வந்துவிடும். அதில் பூவன்பழம் ஒரு சீப்பு. கடையிலேயே முதல்தரமானது, நேற்றுத்தான் நிறம் மாறினது, காம்பில் பச்சை இன்னும் போகவில்லை, தோலில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. அதோடு இந்த ஊர் நெய் ஒரு தூக்கு, ராசாத்திக்குக் கற்கண்டு. அந்தப் பழத்தைக் குழந்தை கையில் கொடுத்து, "இது உங்கப்பன் கடைப் பழம்" என்று தாங்களே ஒரு வார்த்தை சொல்ல வேணும். தெய்வநாயகியிடம், அவள் சொன்ன பேச்சு என் வாயிலிருந்து நின்று ஒன்றரை மாதமாகிவிட்டது, இனி ஜன்மத்துக்கும் வராது என்று சொல்ல வேணும். வருகிற வெள்ளிக்கிழமை காலைப் பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிட்டால், நான் கடையைச் சாத்திவிட்டுப் பஸ் நிற்கிற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

அத்தையின் பாதத்துக்கு என் நமஸ்காரம். ராசாத்திக்கு என் ஆசியும் முத்தமும். தங்கள் தோட்டத்துக்கு மழையும் மாட்டுக்குத் தீனியும் எனக்குத் தங்கள் மன்னிப்பும் குறைவில்லாமல் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
அர்த்தநாரி

பி.கு.: கவரை ஒட்டப் போகிற சமயத்தில் ஒரு நல்ல சேதி. கோபித்துக்கொண்டு போன முத்தாயம்மாள் தானே கடைக்கு வந்தார்கள். இன்றைக்குப் பெண்ணழைப்பாம், தாம்பாளத்தில் வைக்க மாசுமறுவில்லாத பழம் ஒரு சீப்பு வேண்டுமாம். தொங்குகிற எதுவும் பிடிக்கவில்லை, கட்டி வைத்திருந்த கூடையிலே கண் போய்விட்டது. அவ்வளவு பெரிய வீட்டுக்காரி மறுபடி நம் கடைப் படியேறியிருக்கிறபோது இல்லை என்று சொல்ல முடியுமா? கொடுத்துவிட்டேன். நெய்யையும் பார்த்துக் கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். கூடையை வெறுமையாக அனுப்பினால் தங்களுக்கு மரியாதையாக இருக்காது என்று, கடைசிக் கயிற்றிலிருந்து வேறொரு சீப்பு எடுத்து வைத்திருக்கிறேன். தோல்தான் கொஞ்சம் கறுத்திருக்கிறது, ராசாத்திக்கு அந்த நிறம் பழக்கம்தானே. மிச்ச இடத்தில் ஆடிப் பருப்பு ஆறு பொட்டலம், சலித்துக்கொண்டால் ஒன்றும் பண்ணாது. செங்கோடன் ஊதுகிறான். தெய்வநாயகியிடம் பழத்தைப் பற்றி மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்க: இன்னைக்கே சாப்பிட்டுருங்க, நாளைக்குத் தாங்காது.